எரிந்ததாக எழுதியிருந்த விளக்கு

அக்கா தையல்காரி. தையல் கோணிப்போனால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாளே தவிர, வந்தவர்களிடம் சமாதானம் சொல்ல மாட்டாள். அவளுடைய கடைசி வருடங்களில் பாதி, நகராட்சி அலுவலகத்தின் மாடிப்படிகளில் கழிந்தது.

அவள் கணவர், என் மாமா, அச்சகத்தில் இரவு வேலை பார்த்தார். வேலை முடிந்து வரும்போது, தெருமுனையில் குழாய்க்காகத் தோண்டியிருந்த பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். அங்கிருந்த தெருவிளக்கு பல வாரமாக எரியவில்லை. தெருவிலோ பேச்சு வேறு மாதிரி இருந்தது.

"நல்லா ஏத்திக்கிட்டு வந்திருப்பாரு."

துக்கம் கேட்க வந்தவர்களே செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்கள். மாமா டீயைத் தாண்டி எதையும் தொடாதவர். அக்காவுக்கு அந்தப் பேச்சுதான் ஆறவில்லை. அவர் இருட்டில்தான் விழுந்தார் என்பது எங்காவது எழுத்தில் இருக்க வேண்டும் என்றாள்.

தகவல் உரிமைச் சட்டப்படி நகராட்சிக்கு விண்ணப்பம் போட்டாள். விளக்கை ஏன் சரிசெய்யவில்லை? 'ஏன்' என்பதற்கு விளக்கம் தர விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. யார் பொறுப்பு என்று கேட்டாள். அதற்கும் அதே பதில், தேதி மட்டும் வேறு.

பதிவறை எழுத்தருக்கு அவள் வைத்த பெயர் 'நாளைக்கு'. எப்போது போனாலும் அவர் வாயில் வருவது அதுதான். ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே அவர் அலுத்துக்கொண்டார்.

"ஏம்மா, சண்டைக்கு வர்ற மாதிரியே எழுதறீங்க. கேள்வி கேட்டா நான் எங்க போவேன்? என்ன காகிதம் வேணும்னு எழுதுங்க. தெருவிளக்குப் பழுது பதிவேடு, இந்தத் தெரு, இந்த மாசம், நேர்ல பார்க்கணும். அவ்ளோதான்."

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா என் செருப்பாவது மிஞ்சியிருக்கும், சார்."

"மொதல்ல நீங்க கேக்கலியேம்மா."

அப்படியே எழுதினாள். அனுமதி வந்தது. நானும் கூடப் போனேன். எழுத்தர் எதிரில் உட்கார்ந்திருக்க, நாங்கள் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். எங்கள் தெரு விளக்கு பற்றிய புகார் இருந்தது. அதன் எதிரே 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதியிருந்தது. மாமா விழுந்ததற்கு முந்தின வாரத் தேதி. அக்காவின் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இது பொய், சார்."

"இருக்கலாம்மா. பார்க்கத்தான் அனுமதி, திருத்த முடியாது. வேணும்னா ஆட்சேபணை எழுதிக் குடுங்க. முத்திரை போட்டு இதோடயே சேர்த்துடறேன். அப்புறம் யார் பார்க்க வந்தாலும் ரெண்டையும்தான் காட்டணும்."

அவள் அங்கேயே எழுதினாள். முத்திரை விழுந்தது. எழுத்தர் மேஜை இழுப்பறையைத் துழாவினார்.

"கோக்கறதுக்கு நூல்கயிறு தீர்ந்துபோச்சு. குடுத்துட்டுப் போங்க, நாளைக்கு..."

"நாளைக்கா?" அக்கா பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் அந்தப் பக்கத்தோடு தன் காகிதத்தைத் தைத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டாள்.

"என்னம்மா இது, கவர்மென்ட் ரெக்கார்டு!"

"பிரிச்சுப் பாருங்க, சார். பிரியாது."

படியிறங்கும்போது, "இதை யாரு வந்து பார்க்கப் போறாங்க, அக்கா?" என்று கேட்டேன்.

"நீ பாரு," என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்தாள் அக்கா. அவள் போய் இரண்டு மாதமாகிறது. போன வாரம் நான் விண்ணப்பம் போட்டேன். கேள்வி எதுவும் இல்லாமல், எந்தப் பதிவேடு, எந்தத் தெரு, எந்த மாதம் என்று மட்டும். எழுத்தர் அதே ஆள்தான். தலை நரைத்துவிட்டது. "நாளைக்கு வாங்க," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் விழித்தார்.

மறுநாள் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஓரமெல்லாம் பொடிந்திருந்தது. அக்காவின் தையல் மட்டும் அசையவில்லை. அவள் காகிதத்தைத் தூக்காமல் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாது.

'இந்த விளக்கு அன்று எரியவில்லை. என் கணவர் இருட்டில் விழுந்தார். அவர் குடிப்பவர் அல்ல.'

பார்வையிட்டவர் கையெழுத்துப் போடும் சீட்டை எழுத்தர் நீட்டினார். அதில் அக்காவின் கையெழுத்து ஒன்றுதான் இருந்தது. கீழே நான் போட்டேன்.