வாசலில் முக்கால் மணித்தியாலம்

அமெரிக்கா போய் வந்தேன். உடனே நியூயோர்க்கா என்று கேட்காதீர்கள். சிக்காகோவில் அக்கா மகளின் புது வீட்டுக் குடிபூரல். அதை முடித்துக்கொண்டு, அங்கிருந்து பஸ்ஸில் ஆறு மணித்தியாலம் – அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன நகரம். பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. எனக்கே அங்கே போய் இறங்கும்வரை அதைச் சரியாக உச்சரிக்கத் தெரியாது.

"அங்கை எங்கடை ஆக்கள் இருக்கினமோ?" – சிக்காகோவில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி.

"ஒராள் இருக்கிறா," என்றேன்.

அந்த ஒராள் வத்சலா. எனக்கு வத்சி. ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் ட்வெய்ட்டாவில் ஒரே அறையில் இருந்தோம். இரண்டு பேருக்கும் கால் ஒரே அளவு, ஆகவே நல்ல பனிச்சப்பாத்து ஒரு சோடிதான் வாங்கினோம். யாருக்குக் காலை வேலையோ அவளுக்குச் சப்பாத்து. மற்றவள் சன்லைட் சவர்க்காரம் மணக்கும் ரப்பர் சப்பாத்தோடு வழுக்கி வழுக்கிப் போவாள். என் மகள் ஆரணி பிறந்தபோது, என் கணவர் வேலைத்தலத்திலிருந்து ஓடி வந்து சேருவதற்குள் பிள்ளையைக் கையில் வாங்கியவளும் அவள்தான். பிறகு நேசன் அண்ணாவைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா போனாள். அவர் உழவு இயந்திரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் என்ஜினியர்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு காலையில், நேசன் அண்ணா திடீரென்று போய்விட்டார்.

ஆரணியின் கலியாணத்துக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது. பொன்னுருக்கல் முடிந்திருந்தது. தாலிக்குப் பொன் உருக்கியாகிவிட்டால் செத்தவீட்டுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அக்கா சொன்னா. மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். நான் போகவில்லை. அதைக்கூட விடுங்கள்... ஒரு கோல்கூட எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதி, பின்னால் கைகூப்பும் படம் ஒன்று போட்டு அனுப்பினேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

கலியாணம் முடிந்து ஒரு மாதத்தின் பின் எடுத்துக் கதைத்தேன்தான். ஆனால் அந்த நாளைப்பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு பிறந்தநாள் வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, ஆரணியின் படங்கள்... எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் போடுவாள். அந்த ஒழுங்குதான் என்னைப் போட்டு வாட்டியது. முந்தி என்றால் இரண்டு கெட்ட வார்த்தையாவது வந்திருக்கும்.

ஆகவே இந்தப் பயணத்தில் எனக்கு ஒரே ஒரு வேலை. அவள் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது. வெள்ளி பின்னேரம் முதல் ஞாயிறு பகல் வரை... ஒரு மன்னிப்புக்கு இரண்டு நாள் போதாதா?

போதவில்லை!

வெள்ளி பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கட்டிப்பிடித்தாள். வீட்டுக்குள் போனால் மண்டபத்தில் நேசன் அண்ணாவின் படம், முன்னால் ஒரு சின்ன பல்ப். நான் அப்படியே நின்றேன். இதுதான் நேரம் என்று வாயைத் திறந்தேன்.

"முதல் தேத்தண்ணியைக் குடி. முகமெல்லாம் வாடிப்போய் நிக்கிறாய்," என்றாள் வத்சி. குடித்தேன். அதற்குள் அவள் சம்பலுக்கு மிக்சியைப் போட்டுவிட்டாள். மிக்சி சத்தத்துக்கு மேலால் கத்தி மன்னிப்புக் கேட்க முடியுமா?

சனி காலை ஊர் சுற்றினோம். சுற்றி முடிக்க அரை மணித்தியாலம். ஒரு பெரிய தெரு, மணிக்கூடு வைத்த நீதிமன்றக் கட்டடம், ஊர்ப் பெயர் எழுதிய தண்ணீர்த் தாங்கி, அதற்கு அப்பால் அறுவடை முடிந்த சோளக் காணி கண்ணுக்கு எட்டிய தூரம்வரை. சூப்பர்மார்க்கெட்டில் உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வைத்து, "வத்சி, உனக்கொண்டு சொல்லவேணும்..." என்று தொடங்கினேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். வத்சிக்கு ஆஸ்பத்திரி லாப்பில் வேலை. ஊரில் பாதிப்பேரின் இரத்தத்தை அவள் எடுத்திருக்கிறாள். கடையை விட்டு வெளியே வரும்வரை ஆள் மாறி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள்.

பின்னேரம் பக்கத்து வீட்டு டேலும் மனைவி கரோலும் வந்தார்கள். டேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் ஒஸ்லோ என்றதும் எழும்பி நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். அவருடைய பூட்டன் நோர்வேயிலிருந்து வந்தவராம். அங்கே இப்போது எப்படி என்று ஒரு வாஞ்சையோடு கேட்டார். அந்த மனிதருக்குச் சொந்த ஊரிலிருந்து வந்த விருந்தாளியாக நான் இருந்தேன். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. நோர்வேயின் சார்பில் நலம் விசாரித்தேன்.

ரோல்ஸ், கோப்பி, காலநிலை, சோளம், மறுபடியும் காலநிலை. நாலரை மணிக்கு டேல் இரண்டு தொடையிலும் தட்டி, "வெல்ப்..." என்றார். எங்கள் ஆட்கள் "சரி, அப்ப வெளிக்கிடுவம்" என்போமே, அதேதான்! நோர்வேக்காரரும் தொடையில் தட்டுவார்கள். ஆனால் ஒஸ்லோவில் தட்டினால் இரண்டு நிமிடத்தில் சப்பாத்துப் போட்டு, ஜக்கெட் கொழுவி, "ஹா டே" என்று விடைசொல்லிக் கதவு சாத்தியாகிவிடும். நானும் கோப்பைகளைக் கழுவலாம் என்று எழுந்தேன்.

எழுந்ததுதான் மிச்சம். கதிரைக்குப் பின்னால் நின்று பத்து நிமிடம். குசினி வாசலில் கரோலின் பழைய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் கதை. சப்பாத்துப் போடும்போது ஒரு கதை. படியில் ஒரு கதை. வீட்டுக்கு முன்னால் கார் விடும் இடத்தில் நின்று இன்னொரு கதை. பக்கத்து வீட்டில் இருப்பவர்கள்! நாளைக்கும் பார்க்கப் போகிறவர்கள்! குளிரில் என் காது விறைத்தது.

நான் எழுதிவரும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் வாசலில் நின்று கதைக்கும் ஆளில்லை. எங்காவது போனால் என் கணவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வருவது என் வழக்கம். பார்க்கிங் முடியப்போகுது, பஸ் போகப்போகுது, நாளைக்கு வேலை... காரணத்துக்கா பஞ்சம்? ஸ்ட்ரோம்மனில் இருக்கும் என் மகள் ஆரணி என்னையும் தாண்டிவிட்டாள். அவளுடைய "ஹா டே" வந்து சேரும்போது லிஃப்ட் கீழே போயிருக்கும்.

கடைசியாகக் கரோல் வத்சியின் கையைப் பிடித்து ஏதோ மெல்லச் சொன்னாள். வத்சி தலையாட்டினாள். ஒரு வழியாகப் போனார்கள்.

"என்னடி சொன்னவ?"

"செவ்வாய்க்கிழமை இவரின்ரை பிறந்தநாள். ரெண்டு பேரும் வருவினமாம். தனிய இருக்கவேண்டாமாம்."

"அதை உள்ளுக்கை இருந்து சொல்லியிருக்கலாமே? ரெண்டரை மணித்தியாலம் இருந்தவ!"

வத்சி சிரித்தாள். "உள்ளுக்கை இருந்து வெதரைத்தான் கதைப்பினம். உண்மையான கதை வெளியிலை வந்தாப் பிறகுதான். இவர் செத்து ரெண்டாம் கிழமை டேல் இந்த இடத்திலை நிண்டு அரை மணித்தியாலம் ட்ரக் டயரைப் பற்றிக் கதைச்சவர். போகேக்கை, 'இனி உன்ரை பனியை நான் அள்ளுறன்' எண்டார். மூண்டு வருசமா அள்ளுறார்."

யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் மட்டும் என்ன? மண்டபத்தில் இருந்து மீன் விலையும் வீட்டு வட்டியும் கதைப்போம். பிள்ளைக்குச் சம்பந்தம் வந்திருப்பது, டொக்டர் ஏதோ கட்டி என்று சொன்னது – எல்லாம் ஒரு கால் சப்பாத்துக்குள் போன பிறகுதான் வரும். கணவரை இழுத்துக்கொண்டு ஓடி வந்த அத்தனை வாசல்களிலும் நான் எதையெல்லாம் கேட்காமல் வந்தேனோ...

ஞாயிறு. எனக்குப் பன்னிரண்டரைக்கு பஸ். வத்சிக்கு ஒரு மணிக்கு வேலை. பஸ் நிற்பது நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு பெற்றோல் நிலையத்தில். டேல் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தார். ரோட்டைக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள், நேரம் எடுக்கும், பதினொரு மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு.

காலைச் சாப்பாட்டிலும் எனக்கு வாய் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேசாமல் போய்விடலாம், ஒஸ்லோவிலிருந்து நீளமாக ஒரு மெசேச் எழுதலாம் என்றுகூட நினைத்தேன்.

சரியாகப் பதினொரு மணிக்கு டேலின் பிக்கப் வந்து உறுமிக்கொண்டு நின்றது. பெட்டியை ஏற்றினார். நான் மண்டபத்துக்கு ஓடிப்போய் நேசன் அண்ணாவின் படத்துக்கு முன்னால் கைகூப்பினேன். வத்சி பின்னால் நின்றாள். குசினியில் ரோல்ஸ் பார்சல் கட்டித் தந்தாள். படியில், ஆரணியிடம் கொடு என்று ஒரு உடுப்புப் பை. பிக்கப்புக்குப் பக்கத்தில் மறுபடியும் கட்டிப்பிடித்தோம். நான் ஏறி இருந்து, பெல்ட்டைப் போட்டு, கதவைச் சாத்தினேன். டேல் கியரில் கை வைத்தார். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"வத்சி... நான் செத்தவீட்டுக்கு வரேல்லை."

"தெரியும். பொன்னுருக்கினது எனக்குத் தெரியாதே? வந்திருந்தாலும் நானே ஏசிக் கலைச்சிருப்பன்."

"ஒரு கோல் எடுத்திருக்கலாம்."

அவள் பிக்கப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். "ஓம். எடுத்திருக்கலாம். இவரைக் கொண்டுபோற அண்டு ஃபோனைக் கையிலை வைச்சுக்கொண்டு திரிஞ்சனான். ரொறன்ரோவிலையிருந்து ஆக்கள் எடுக்கினம், அவுஸ்ரேலியாவிலையிருந்து எடுக்கினம். ஒவ்வொரு முறையும் நீயெண்டு நினைச்சுத்தான் பாத்தனான்."

"பயந்திட்டன்டி. கலியாண வீட்டிலை இருந்து உன்ரை அழுகையைக் கேக்கப் பயந்திட்டன். என்னை மன்னிச்சுக்கொள்."

"எனக்கும் பயமாத்தானடி இருந்தது. நான் தனிய நிண்டனான்."

அதற்கு மேல் கண்ணாடிக்கூடாகக் கதைக்க முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். பெல்ட்டைக் கழற்ற மறந்து, அது ஒரு பக்கத்தால் இழுக்க, விழப்பார்த்தேன். அவள் பிடித்தாள். இரண்டு பேரும் அந்த இடத்தில் நின்று, மூன்று வருடத்துக்கும் சேர்த்து அழுதோம். நடுவில் அவள் என்னை நல்ல தமிழில் இரண்டு சொல் ஏசினாள். அவை இங்கே எழுதக்கூடியவை அல்ல. கேட்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

எப்போதோ ஒரு நேரத்தில், சுற்றிவர அமைதியாக இருப்பதைக் கவனித்தேன். டேல் என்ஜினை நிறுத்திவிட்டிருந்தார். தொப்பியைச் சற்று இறக்கி வைத்துக்கொண்டு, சோளக் காணியில் ஏதோ அவசர அலுவல் இருப்பதுபோல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஏறு. பஸ் போகப்போகுது," என்று வத்சி மூக்கைத் துடைத்தாள். "போய்ச் சேந்தவுடனை கோல் எடு. மெசேச் இல்லை. கோல்!"

வெளிக்கிடும்போது பதினொன்று நாற்பது. டேலிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு எனக்கு அது நன்றாகப் பழகியிருந்தது. பஸ்ஸைப் பிடிக்க முடியுமா, ரோட்டுவேலை வேறு நடக்கிறதே என்று பதறினேன்.

அவர் ரோட்டைப் பார்த்தபடி, "ரோட்டுவேலை ஒன்றும் இல்லை. நாற்பது நிமிட ஓட்டம்தான்," என்றார்.

"அப்படியென்றால் ஏன் பதினொரு மணி என்று சொன்னீர்கள்?"

"நீங்கள் விடைபெற வேண்டாமா? அதற்கு முக்கால் மணித்தியாலம் சேர்த்துத்தான் எப்போதும் கணக்குப் போடுவேன்."

பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் முந்தியே போய்ச் சேர்ந்தோம். அந்தப் பத்து நிமிடமும் அவர் பெற்றோல் நிலைய வாசலில் நின்று என்னோடு ட்ரக் டயரைப் பற்றிக் கதைத்தார். நான் எங்கும் அவசரப்படவில்லை.

செவ்வாய் பகல் ஒஸ்லோவில் இறங்கினேன். பெட்டி வரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று வத்சிக்குக் கோல் எடுத்தேன். அங்கே விடியற்காலை ஐந்து மணி. நேசன் அண்ணாவின் பிறந்தநாள். முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"வந்து சேந்திட்டன்டி."

"சந்தோசம். சரி... அப்ப வைக்கட்டே?" என்றாள்.

என் பெட்டி என் கண்ணுக்கு முன்னால் ஒன்பது தரம் சுற்றிப் போன பிறகுதான் வைத்தாள்.