மயிலாப்பூரில் ஒரே ஒரு வாசகர்

திங்கட்கிழமைதோறும் காலையில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. வாழ்த்துகள், உங்கள் கட்டுரையை இந்த வாரம் ஒருவர் படித்திருக்கிறார் என்று அதில் எழுதியிருக்கும். வாழ்க்கையில் நான் எழுதியதே ஒரு கட்டுரைதான். கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன், பதவி உயர்வுக்காக எழுதியது. பழைய புத்தகங்களைப் பூச்சி அரிக்காமல் காப்பது பற்றி. என் மனைவியே இரண்டாவது பத்தியில் காய் நறுக்க எழுந்து போய்விட்டாள். அப்படிப்பட்டதை வாராவாரம் ஒருவர் படிக்கிறார் என்றால் அவர் யாராக இருக்கும் என்று யோசித்து, வெளிநாட்டுக்காரராகக்கூட இருக்கலாம் என்று முடிவுசெய்து, கொஞ்சம் நிமிர்ந்தே நடந்துகொண்டிருந்தேன். போன வாரம்தான் உறைத்தது. மின்னஞ்சல் வந்ததும் கட்டுரை சரியாகத் திறக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறேன் அல்லவா, அந்த ஒருவர் நானேதான்.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் செண்பகம் மேடத்தின் ஞாபகம் வந்தது. அவர் ஞாபகம் வந்தால் நாய் பிஸ்கட் ஊறிய தண்ணீரின் வாசனையும் கூடவே வந்துவிடும்.

படிப்பு முடிந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை தரமணியில், ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில். ஒப்பந்த வேலை. அங்கிருந்த விஞ்ஞானிகளின் கட்டுரைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றி வைக்க வேண்டும். அதற்குக் களஞ்சியம் என்று பெயர். பொதுமக்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி பொதுமக்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பொதுமக்கள் அப்படி ஏதும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, எத்தனை முறை திறக்கப்பட்டது என்று காட்டும் ஒரு எண் இருக்கும். நிறுவனத்துக்குள்ளிருந்து திறந்தால் அது ஏறாது. இது தெரியாமல் ஒரு விஞ்ஞானி மூன்று நாள் தன் கட்டுரையைத் தானே திறந்து திறந்து பார்த்துவிட்டு, எண் ரிப்பேர் என்று என்மேல் புகார் எழுதிக் கொடுத்தார்.

செண்பகம் மேடம் கொசு வளர்ப்பவர். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் தட்டுத் தட்டாகத் தண்ணீர் வைத்து, அதில் புழு வளர்த்தார். கொசுப்புழுவுக்குத் தீனி, பொடித்த நாய் பிஸ்கட். பில்லைப் பார்த்த தணிக்கைக்காரர், நிறுவனத்தில் நாய் வளர்க்க அனுமதி பெறப்பட்டதா என்று கேட்டு எழுதிவிட்டார். மேடம் பதில் எழுதவில்லை. அவரை அந்த அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். பிறகு அந்தக் கேள்வி திரும்ப வரவில்லை.

மேடம் ஒரு மழைக்காலம் முழுக்க மயிலாப்பூரில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கண்டுபிடித்த விஷயம் இதுதான். பகலில் கடித்துக் காய்ச்சல் தரும் கொசு அங்கே ஓடும் சாக்கடைக் கால்வாயிலிருந்து வருவதில்லை. அதற்குச் சாக்கடைத் தண்ணீர் பிடிக்காது, ரொம்ப தூரம் பறக்கவும் செய்யாது. நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மொட்டைமாடித் தொட்டி, தரைக்கடியில் மூடாத சம்ப், பூந்தொட்டித் தட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிந்து நிற்கும் தட்டு. இதை ஆங்கிலத்தில் ஒரு பெரிய கட்டுரையாக எழுதினார். உலகத்தில் அதை மேற்கோள் காட்டியவர் ஒரே ஒருவர். அவரும் செண்பகம் மேடம்தான், தன் அடுத்த கட்டுரையில்.

அந்த வருஷக் கடைசியில் அவருடைய திட்டத்தை நீட்டிப்பதா மூடுவதா என்று தீர்மானிக்க ஒரு குழு வர இருந்தது. மூடினால் கொசு அறை போகும், அவர் வேலையும் போகும். மேற்கோள் கணக்கில் அவர் தேறமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். மிச்சம் இருந்தது பொதுமக்கள் கணக்கு. ஒவ்வொரு கட்டுரைக்கும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் போட வேண்டும் என்று விதி இருந்தது. மற்றவர்கள் அதை மறந்துவிட்டார்கள், மேடம் மட்டும் உட்கார்ந்து எழுதினார். அப்போதெல்லாம் தமிழை ஒரு கணினியில் அடித்து இன்னொரு கணினியில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். அதனால் அவர் பேனாவால் எழுதிய பக்கத்தை அப்படியே படமாக ஏற்றினேன். நல்ல உருண்டையான கையெழுத்து. முதல் வரி இது: "உங்களைக் கடித்த கொசு வெளியாள் அல்ல, உங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தது."

ஏற்றியாகிவிட்டது, வெளியிலிருந்து திறக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. நான் அப்போது மயிலாப்பூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு மேலே உள்ள அறையில் வாடகைக்கு இருந்தேன். சென்டர் முத்தையா அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிக்காரர், அவர் சொந்தக்காரர்கள் தி.நகரில் துணிக்கடை வைத்திருந்தார்கள். இவருக்குத் துணியில் நாட்டமில்லை, கம்ப்யூட்டரில் இறங்கினார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போனால் ஏசிக் குளிரும் ஊதுபத்தியும் சூடான பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். பிளைவுட் தடுப்பு, தடுப்புக்கு ஒரு திரைச்சீலை, உள்ளே என்ன நடக்கிறதோ என்று அண்ணாச்சிக்கு ஓயாத கவலை. வேகம் என்ற ஒன்று அங்கே கிடையாது. ஒரு பக்கம் திறப்பதற்குள் எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வரலாம்.

அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொல்லி, பக்கம் திறக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அடுத்த வாரத்திலிருந்து எண் ஏறத் தொடங்கியது. நூறு, இருநூறு என்று போய், மாதக் கடைசியில் நிறுவனத்தின் மற்ற எல்லாக் கட்டுரைகளையும் கூட்டினாலும் எட்டாத உயரத்தில் நின்றது. இயக்குநர் அதை வரைபடமாகப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கேன்டீனில் மேடத்துக்கு உட்கார இடம் விட்டார்கள். எண் ரிப்பேர் என்று புகார் கொடுத்தவர், சரிசெய்யும்போது மேடத்துக்கு மட்டும் சரிசெய்துவிட்டாயா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தமிழ்ச் சமூகத்தின்மேல் திடீரென்று பெரிய மரியாதை வந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை எல்லாம், இவரும் படித்திருப்பாரோ என்று பார்க்கத் தொடங்கினேன்.

குழு வந்தது. அதன் தலைவர் அடையாறில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். சிரித்துப் பழக்கமில்லாதவர். வரைபடத்தைப் பார்த்ததும் பாராட்டவில்லை, வாசகர்கள் எந்தெந்த ஊர் என்று கேட்டார். பட்டியலை எடுத்துப் பார்த்தால் ஊராவது ஒன்றாவது. அத்தனை பேரும் ஒரே இணைய முகவரியிலிருந்து வந்திருந்தார்கள். அந்த முகவரி மயிலாப்பூர். எனக்கு அண்ணாச்சியின் முகம் கண்முன்னால் வந்து போனது. இயக்குநர் மேடத்தைப் பார்த்தார், மேடம் என்னைப் பார்த்தார், நான் ஃபேனைப் பார்த்தேன். பேராசிரியர் அந்த வாசகரைத் தான் நேரில் பார்க்க விரும்புவதாகச் சொன்னார்.

அவர் காரிலேயே அவரோடு மேடமும் நானும் போனோம். பேராசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அண்ணாச்சி மகிழ்ந்துபோய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எல்லாக் கம்ப்யூட்டரிலும் மேடத்தின் பக்கம்தான் முதல் பக்கம் என்று அவரே பெருமையாகக் காட்டினார். யார் எதற்காக உட்கார்ந்தாலும் முதலில் அதுதான் வரும். என்ன அண்ணாச்சி இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று முணுமுணுத்தேன். அவருக்குப் புரியவே இல்லை.

"எங்க மச்சான் தி.நகர்ல கடை தொறந்தன்னைக்கு நாங்கதான் தம்பி குடும்பத்தோட போயி சேலையப் பிரிச்சுப் பாத்துக்கிட்டு நின்னோம். ஆளு நிக்கத கண்டாத்தான ஆளு உள்ள வரும்" என்றார்.

மேடத்தின் முகம் இறங்கிவிட்டது. வேலை போகப்போவதைக்கூட அவர் அப்போது நினைத்திருக்கமாட்டார். யாருமே படிக்கவில்லை என்பதுதான் அவருக்கு வலித்திருக்கும். எனக்கு அழுகை வராத குறை.

அப்போது முதல் தடுப்பின் திரைச்சீலை விலகியது. அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் கேமராவில் பேசுவதற்காக வாரம் ஒருமுறை வரும் ஒரு மாமி. கொசு மேடம் இவர்தானா என்று அண்ணாச்சியிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

"எங்காத்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு தட்டு இருக்குன்னே நேக்கு இத்தனை வருஷமா தெரியாது. எடுத்துப் பார்த்தா நெளிஞ்சுண்டிருக்கு" என்றார். ஆனால் பூந்தொட்டியைப் பற்றி எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள முடியாது என்றும் சொன்னார். துளசிக்குத் தினம் தண்ணீர் விடாமல் இருக்க முடியுமா என்று மேடத்திடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

நடந்தது என்னவென்றால், நான் ஏற்றிய அந்தப் படம் கனமானது. மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கும். மகனைப் பார்க்க வந்தவரும், தேர்வு முடிவு பார்க்க வந்தவரும், வேலைக்கு விண்ணப்பம் போட வந்தவரும் அது முழுதாக இறங்கும்வரை வேறொன்றும் செய்ய முடியாது. ஒரு வரி வரும், நிற்கும், படிப்பார்கள். அடுத்த வரிக்குக் காத்திருப்பார்கள். இந்த உலகத்தில் எந்த ஆராய்ச்சியையும் யாரும் அவ்வளவு நிதானமாகப் படித்திருக்கமாட்டார்கள்.

பின் தடுப்பிலிருந்து செல்வம் எழுந்து வந்தார். ஆட்டோ ஓட்டுபவர், கால்வாய்க் கரையில் குடியிருந்தார். மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காக வந்தவர், மேடத்தைக் கும்பிட்டுவிட்டுப் பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"எங்களாலதான் ஏரியா ஃபுல்லா கொசுன்னு எங்களைக் காலி பண்ணச் சொல்லி மாடிவூட்டுக்காரங்க மனு குடுத்துக்கினு இருந்தாங்கோ சார். இந்தம்மா எழுதிக்கீது பாரு, கொசு அவங்க வூட்லயே பொறக்குதுன்னு. காப்பி எடுத்து எங்க தெருமுனையில ஒட்டிக்கீறோம். மனு குடுத்தவரு வந்து நின்னு படிச்சிட்டுப் போனாரு."

பேராசிரியர் வெகுநேரம் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். மாமிக்கும் செல்வத்துக்கும் நடுவில் தொட்டி மூடி பற்றி ஒரு விவாதம் நடந்தது, அதையும் கேட்டார். திரும்பும்போது காரில் மேடத்திடம், ஃப்ரிட்ஜ் தட்டை எந்தப் பக்கமாக இழுக்க வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அறிக்கையில் அவர் எழுதியது ஒரே வரி. ஒரே முகவரியிலிருந்து எத்தனை முறை திறந்தாலும் ஒருவராகவே கொள்ள வேண்டும் என்பது விதி. எனவே வாசகர் எண்ணிக்கை: ஒன்று. திட்டம் நீட்டிக்கப்படவில்லை. இயக்குநர் தன் கையாலேயே வரைபடத்தைக் கிழித்தார். மேடம் தட்டுகளைக் கவிழ்த்துக் கழுவிவைத்துவிட்டு ஈரோட்டில் ஒரு கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனார். விதி சரியான விதிதான், இன்றைக்கும் நான் என் கல்லூரியில் அதையே வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன். ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது.

அண்ணாச்சியின் சென்டர் இருந்த இடத்தில் இப்போது மாவுக்கடை. பக்கங்கள் இப்போது நொடியில் திறக்கின்றன, அதே நொடியில் மூடப்படவும் செய்கின்றன. கால்வாய்க் கரையில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் அடுக்குமாடி கட்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். கொசுவுக்காக என்று சொல்லவில்லை, வேறு காரணம் சொன்னார்கள். அவர்கள் போன பிறகும் கொசு அங்கேயேதான் இருக்கிறது.

அந்த மின்னஞ்சல் கதையைச் சொல்லலாம் என்று போன வாரம் மேடத்துக்குப் போன் செய்தேன். ஓய்வுபெற்று ஈரோட்டிலேயே இருக்கிறார். மனம்விட்டுச் சிரித்தார். பிறகு, அந்தத் தமிழ்ப் பக்கம் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். செல்வம் அவ்வப்போது அவரிடம் போனில் பேசுவாராம். இவர்கள் வந்த பிறகுதான் கொசு வந்தது என்று புது இடத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் தகராறு செய்கிறார்களாம். தெருமுனையில் ஒட்ட அந்தப் பக்கம் வேண்டுமாம்.

இரண்டு நாள் தேடினேன். நிறுவனம் தளத்தை மாற்றியபோது, ஆய்வுப் பத்திரிகையில் அச்சானவற்றை மட்டும் புதிய களஞ்சியத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கையெழுத்துப் பக்கம் போகவில்லை. ஆங்கிலக் கட்டுரை பத்திரமாக இருக்கிறது, திறக்க டாலரில் பணம் கேட்கிறது. மேடத்திடம் சொன்னேன். ஞாபகத்திலிருந்து இன்னொரு முறை எழுதிக் கொடுத்துவிடுங்களேன் என்றேன்.

"அது மயிலாப்பூர் கொசுப்பா. செல்வம் இப்ப இருக்கற எடத்துல நான் பார்க்கவே இல்லையே, பார்க்காம எப்படி எழுதறது?" என்றார். அப்புறம், "எனக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. நீ ஏறி ஒவ்வொரு தொட்டியாப் பார்த்துச் சொல்லு, நான் கீழ நின்னு எழுதிக்கறேன்" என்றார்.

வெள்ளி இரவு ரயிலில் வருகிறார். சனிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால் எந்தத் திட்டம், யார் அனுமதித்தது என்று கேட்பார்கள். வயிற்றுவலி என்று எழுதியிருக்கிறேன்.