இழுப்பு என்று சொன்னேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் மாதம் இரண்டு முறை கொட்டாம்பட்டியிலிருந்து மதுரைக்குப் போவேன். மகள் மலருக்கு அப்போது நான்கு வயது. பிறந்ததிலிருந்தே கால்களில் பலமில்லை. மூச்சிரைப்பு உண்டு, கைகால் வெட்டி இழுப்பதும் உண்டு. நெஞ்சுக்கு ஒரு டாக்டர், நரம்புக்கு இன்னொருவர். வீட்டுக்காரர் வடக்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆக, தூக்குவதும் நான், பதில் சொல்வதும் நான்.

காலை ஐந்தரை பஸ். ஒன்றரை மணி நேரம். மடியில் வாங்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டுபவர்கள், மலரின் தலை நிற்காததைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அன்று ஏழு மணிக்குக் கோரிப்பாளையத்தில் இறங்கி, நெஞ்சு டாக்டரிடம் டோக்கன் வாங்கினேன். இரண்டு மாதமாக மருந்தைக் கூட்டிக்கொண்டே போகிறார், மலருக்கோ மோசமாகிக்கொண்டே போகிறது. மகனைக் காட்ட வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாத்திமா அக்கா விசாரித்தார்.

"பிள்ளைக்கு என்னம்மா?"

"இழுப்புக்கா."

"எம் மகனுக்கும் அதேன். ராவெல்லாம் நெஞ்சு விசிலடிக்கும்."

"இவளுக்குக் கையும் காலும்ல இழுக்குது."

"அடி அல்லா! அது வலிப்புல்ல? டாக்டர்ட்ட என்னன்னு சொன்னே?"

இழுப்பு கூடிப்போச்சு என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் மூச்சிரைப்புக்கும் வலிப்புக்கும் அதே சொல்தான்.

உள்ளே போனதும் வாயைத் திறக்காமல், மலருக்கு வருவது போலவே கையை வெட்டிக் காட்டினேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதையா இழுப்புன்னு சொன்னீங்க? நான் மூச்சுன்னு நெனச்சேம்மா. இந்த மருந்து கூடுனா வலிப்பும் கூடும்."

அங்கேயே மருந்தைக் குறைத்து, நரம்பு டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆட்டோவுக்குக் காத்திராமல் மலரை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து தெற்கே நடந்தேன், அரை மணி நேரம். நரம்பு டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு அதன் கீழேயே பதில் எழுதினார். ஒரே பிள்ளையைப் பார்க்கும் இருவரும் அதற்குமுன் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மறு மாதம் மலருக்குத் தொடர்ந்து ஒன்பது நாள் வலிப்பே வரவில்லை.

இப்படி அலைகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எல்லா மருந்துச் சீட்டையும் ஒரே பையில் வைத்து எல்லா டாக்டரிடமும் காட்டுங்கள். நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், பிள்ளைக்கு என்ன நடக்கிறதோ அதைச் சொல்லுங்கள். முடிந்தால் உங்களோடு ஒருவரை அழைத்துப் போங்கள்.

மருந்து மாறியதால் தேறினாள் என்று மட்டும்தான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அந்த இரண்டு மாதமும் அவள் துடித்தது என் வாயால்தான் என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.