நின்றடித்தவர்களின் கட்சிக்காரி

நான் உதைபந்தாட்டம் பார்க்கத் தொடங்கியது ஆசைப்பட்டு அல்ல, போக்கிடம் இல்லாமல்தான். தொண்ணூறுகளில் கல்யாணமாகி ரொறொன்ரோவில் வந்து இறங்கியபோது, மல்வேர்னில் ஒரு மாடிக்கட்டடத்தில் ஒற்றை அறை அப்பாட்மென்ற்தான் எங்கள் வீடு. சனிக்கிழமை விடிந்தால், இரவு வேலை முடித்த கையோடு கணவரின் கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில்தான் கேபிள் இருந்தது. இங்கிலாந்து ஆட்டம் ஒன்றை அன்று காலை காட்டுவார்கள். படுக்கையறையில் ஹீற்றர் ஒழுங்காக வேலை செய்யாது. குசினியில் அடுப்போடு நின்றால் கால் உளையும். ஆகவே நானும் வந்து சோபாவின் கைப்பிடியில் குந்திவிடுவேன்.

முதலில் எல்லாம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஊரில் அண்ணன்மார் உதைபந்து என்று திரிந்தபோதே எனக்கு அது பிடிக்காது. ஆனால் வேறு பார்க்க ஒன்றுமில்லாமல் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால், ஒருநாள் அது விளங்கத் தொடங்கிவிடுகிறது. விளங்கியதும் வாய் சும்மா இருக்குமா? என் வாய் இருக்காது.

வெள்ளைக்காரப் பெயர்கள் எங்கள் வாயில் நிற்கவில்லை. ஆளைப் பார்த்துப் பெயர் வைத்தோம். இன்றைக்கும் எனக்கு அந்தப் பெயர்கள்தான் வருகின்றன, அதையே எழுதுகிறேன். பிள்ளைகள் சட்டையில் பெயர் அடித்துப் போட்டுக்கொண்டு திரிந்த பெரிய ஸ்ரைக்கர்களைப் பற்றி நான் பேச வரவில்லை. அவர்களுக்குப் புகழ் காணும். நான் சொல்வது அந்தக் காலத்தில் வாரத்துக்கு வாரம் கோல் அடித்தும், தேசிய அணிக்கு ஆள் எடுக்கும்போது ஒருவருக்கும் நினைவு வராத ஆட்களை.

வாத்தியார் என்று ஒருவர் இருந்தார். ஒல்லி, முன்வழுக்கை. கோல் அடித்தாலும் சிரிக்க மாட்டார், கணக்குக் கொப்பி திருத்தி முடித்தவர் மாதிரித் திரும்பி நடப்பார். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று தட்டிவிடுவதுதான் அவர் வேலை. “உந்தக் கோலை என்ரை மாமியும் அடிப்பா” என்று கூட்டாளிகளில் இளையவர் நக்கலடிப்பார். அந்த நேரத்தில் அந்த இடத்தில் போய் நிற்க மாமிக்குத் தெரியுமா என்று அவர் யோசித்ததில்லை. பஸ் பிடிக்கிறவர் என்று இன்னொருவர். விட்டால் வேலை போய்விடும் என்பதுபோல் ஓடுவார். மல்வேர்னில் இருந்த எல்லோருக்கும் அது பழகிய ஓட்டம்.

என் ஆள் மதில். பெரிய உடம்பு, மூக்கு ஒருபக்கம் சரிந்திருக்கும். கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். மூன்று பேர் சேர்ந்து தள்ளினாலும் பந்தை அவரிடமிருந்து எடுக்க முடியாது. ஓடி வருகிறவனுக்குப் பந்தை மெதுவாக விடுவார், அவன் அடிப்பான், கமெரா அவன் பின்னால் போய்விடும். மதில் விழுந்த இடத்திலிருந்து எழும்பி, கழன்ற சப்பாத்தைத் தேடிக்கொண்டிருப்பார். கொமென்ரரிக்காரர்கூட அவரைப் பற்றிச் சொல்லும்போது ‘நேர்மையான உழைப்பாளி’ என்றுதான் சொல்வார். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உழைப்பாளி என்றால் திறமை இல்லை என்று அர்த்தமா? அந்தச் சோபாக் கைப்பிடியில் இருந்து நான் மதிலுக்காகப் பிடித்த சண்டைகளுக்கு அளவில்லை. அவர்களும் விடமாட்டார்கள். “உங்கடை மதில் ஒரு மரக்கட்டை” என்பார்கள். ஒருமுறை மட்டக்களப்பு அண்ணை, கூட்டத்தில் மூத்தவர், என்னோடு கோபித்துக்கொண்டு தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பிப் போனார். அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக வந்து கதவைத் தட்டினார்.

பிறகு எல்லோருக்கும் வீடுகள் வந்தன. மட்டக்களப்பு அண்ணை மில்லிக்கனில் பெரிய வீடாக வாங்கினார். பேஸ்மென்றில் சுவர் அளவு ரீவி, வளைந்த சோபா, தனிக் குளிர்சாதனப்பெட்டி. சனிக்கிழமை ஆட்டம் அங்கே போனது. ஆம்பிளைகள் கீழே, பெண்கள் மேலே. அப்படி ஒருவரும் சட்டம் போடவில்லை. வீடு பெரிதானது, இடம் இருந்தது, அவ்வளவுதான். ஒற்றை அறையில் ஒரு குறைச்சலும் இல்லாமல் ஆட்டம் பார்த்த என்னை, நான்கு அறை வீடு மேல்மாடிக்கு அனுப்பிவிட்டது.

மேலே எனக்கு நல்ல உபசரிப்புத்தான். அண்ணையின் மனைவி ரோல்ஸ் பொரிப்பா, பிள்ளைகளின் படிப்பு, சேலை, கொலஸ்ரரோல் என்று கதை ஓடும். நான் ஃபோனை மடியில் வைத்து ஆட்டத்தைப் பார்ப்பேன். சூடு வரும் துவாரம் வழியாகக் கீழே இருந்து சத்தம் வரும். ஃபோனில் படம் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும். ஆகவே கீழே அவர்கள் கத்தி முடித்த பிறகுதான் என் ஃபோனில் பந்து கோலுக்குள் போகும். வருசக்கணக்காக ஒவ்வொரு கோலும் எனக்குப் பழைய செய்தியாகவே வந்து சேர்ந்தது. எனக்கு வேண்டியதெல்லாம் அந்தப் படிகளில் இறங்கிப் போய், பழையபடி அவர்களோடு இருந்து சண்டை பிடிப்பது.

கணவரிடம் சொன்னேன்.

“நானும் கீழை வந்து பாக்கப்போறன்.”

“வாரும், ஆர் வேண்டாமெண்டது? ஆனா அவையள் ஒரு மாதிரி நினைப்பினம்.”

“என்ன மாதிரி?”

“ஒரு மாதிரி.”

அந்த ‘ஒரு மாதிரி’க்கு மேல் மனிதரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நல்ல மனிதர், ஆனால் இப்படியான நேரத்தில் சுரைக்காய் மாதிரி இருப்பார்.

இந்த வருசம் அவர்களுடைய விளையாட்டுக் கழகத்தின் இராப்போசன விருந்து வந்தது. எங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் கழகம், கழகம் என்றால் விருந்து, விருந்து என்றால் பட்டிமன்றம். வழக்கமாக ‘குடும்பத்தில் பெரிய சுமை ஆணுக்கா பெண்ணுக்கா’ என்று ஏதாவது வரும். இந்தமுறை யாருக்கோ புத்தி வேலை செய்து, தலைப்பு இப்படி வைத்தார்கள்: ‘தொண்ணூறுகளில் கவனிக்கப்படாத இங்கிலாந்து ஸ்ரைக்கர்களில் சிறந்தவர்கள் நின்றடித்தவர்களா, ஓடியடித்தவர்களா?’ மேடையில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் பட்டிமன்றங்களின் எழுதாத விதி, சபையைச் சிரிப்பிக்க. வேறு ஒரு பெண்ணும் அகப்படாமல் என்னிடம் வந்தார்கள். நான் யோசிக்காமல் ஓம் என்றேன். மேடையில் இவர்களை மடக்கிவிட்டால், அதற்குப் பிறகு என்னை மேலே இருத்த முடியாது என்று ஒரு கணக்கு எனக்கு.

நடுவர் மட்டக்களப்பு அண்ணை. ஓடியடித்தவர்கள் பக்கம் அந்த இளையவர். வாத்தியாரை நக்கலடிக்க மாமியை இழுத்தவர், நான் தம்பி என்று கூப்பிடுகிறவர், இப்போது வீடு விற்கிறார். வீடு விற்கிற வாயால் பஸ் பிடிக்கிறவரையும் விற்றார். அவருடைய வேகம், அவருடைய முழங்கால் வருத்தம், அது மட்டும் இல்லாவிட்டால் எங்கே போயிருப்பார் என்று சபையை உருக்கிவிட்டார்.

நான் மதிலை எடுத்தேன். மழையில், சேற்றில், இரண்டு பேர் தோளில் தொங்க அவர் பந்தை நெஞ்சில் இறக்கித் தட்டிவிட்ட விதத்தைச் சொன்னேன். மற்றவன் கோல் அடித்து ஓடும்போது அவர் சப்பாத்துத் தேடியதைச் சொன்னேன். இடையில் தம்பி ஒலிவாங்கியைப் பிடித்து, “நடுவர் அவர்களே, அக்கா தன்ரை வீட்டுக் கதையைச் சொல்லுறா” என்றார். மண்டபம் கொல்லென்று சிரித்தது.

“இல்லை தம்பி,” என்றேன். “நான் பள்ளிக்கூட பஸ் ஓடுறன். பஸ் நிறையப் பிள்ளையள், ஒவ்வொண்டும் எனக்குத் தாங்ஸ் சொல்லிப்போட்டுத்தான் இறங்குதுகள். எனக்கு ஒரு குறையுமில்லை. நான் மதிலைப் பற்றித்தான் கதைக்கிறன்.”

அதோடு விடாமல், கடைசி நிமிடத்தில் கோணர் கிக்கிலிருந்து வந்த ஒரு கோலையும் சொல்லி, ‘அதுவும் மதில் அடித்ததுதான்’ என்று மேசையில் தட்டிவிட்டு இருந்தேன். நல்ல கைதட்டல்.

நடுவர் தீர்ப்புச் சொன்னார். இரண்டு பக்கமும் நன்றாகப் பேசினார்களாம். ஆனாலும் பெண் இல்லாமல் வீடு இல்லை, தாய் இல்லாமல் நாம் இல்லை, ஆகவே எங்கள் சகோதரி பேசிய பக்கமே வென்றது என்றார். மதிலைப் பற்றி ஒரு சொல் இல்லை. கோலைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குப் பூங்கொத்துக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் கணவர் மெதுவாகச் சொன்னார்.

“அந்தக் கோணர் கிக் கோல், நீர் சொன்னது பிழை. அது வாத்தியார் அடிச்சது.”

யோசித்துப் பார்த்தேன். ஓம், வாத்தியார்தான். அந்த வழுக்கைத் தலை கண்ணுக்கு முன்னால் வந்தது.

“அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

“எல்லாருக்கும் தெரியும். பொம்பிளை ஒராள் மேடையிலை நிக்கேக்கை எப்பிடிச் சொல்லுறது?”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பூங்கொத்தை வெளியே எறிந்திருப்பேன். ஒரு ஆம்பிளை அப்படிப் பிழை விட்டிருந்தால் தோலை உரித்திருப்பார்கள். அப்பாட்மென்றில் நான் பிழை விட்டபோதும் உரித்தார்கள். இப்போது வெல்ல வைத்து, மாலை மரியாதையோடு திரும்ப மேலேயே அனுப்பியிருக்கிறார்கள். தோற்றிருந்தால்கூட இவ்வளவு நொந்திருக்காது.

“வாற சனி நான் கீழை வாறன். ஆர் என்ன மாதிரி நினைச்சாலும் சரி,” என்றேன். அவர் சிக்னல் போட்டுத் திரும்புவதில் மிகவும் கவனமாக இருந்தார்.

ஆனால் அடுத்த நாளே அண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது. கணவர்தான் பேசியிருக்க வேண்டும், கேட்டால் இல்லை என்கிறார். “தங்கச்சி, நீங்களும் கீழ வந்து பாருங்க” என்றார் அண்ணை. நாகரிகமான குரல்.

போனேன். பேஸ்மென்றைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தார்கள். நடுவில் எனக்கென்று கைவைத்த கதிரை, அதில் ஒரு குஷன். எல்லோரும் காலைக் கீழே போட்டு, கையை மடியில் வைத்து, கோயிலில் பிரசங்கம் கேட்பதுபோல் இருந்தார்கள். “அக்கா, குளிருதோ? ஹீற்றைக் கூட்டட்டோ?” என்று தம்பி இரண்டு தரம் கேட்டார். நான் நடு ஆட்டக்காரனைப் பற்றி ஏதோ சொன்னேன், “ஓம் அக்கா, சரியாச் சொன்னியள்” என்றார்கள். அதற்கு நேர் எதிராக ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் ஓம். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளை வரும்போது எனக்கு விளங்கிவிட்டது. இவர்களுடைய சனிக்கிழமையை நான் கெடுத்துவிட்டேன், எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. மேலே போய் ரோல்ஸ் சுற்றலாமா என்று யோசித்தேன்.

இரண்டாம் பாதியில் ஒரு நெட்டையனை இறக்கினார்கள். இரண்டு பக்க ரசிகர்களும் கேலி செய்கிற ஆள், வருசம் முழுக்க ஆடக் கிடைக்காமல் வாங்கிலேயே இருந்து தேய்ந்தவன். வந்த சூட்டோடு, முதுகில் ஒருவனைச் சுமந்துகொண்டு, திரும்பி ஒரு அடி. பந்து உள்ளே. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அதே நேரம் பக்கக்கோட்டில் கொடி உயர்ந்தது. ஓஃப்சைட், கோல் இல்லை.

என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. அதை இங்கே எழுத முடியாது. அப்பாட்மென்றில் இதே மனிதர்களிடம் படித்த சொல்தான், ஆனால் நான் பாவித்தது அதுதான் முதல் தரம். தம்பியின் கையில் இருந்த வடை வாய்க்குப் போகாமல் நின்றது. கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மட்டக்களப்பு அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“என்ன புள்ள, கண் தெரியாதா உனக்கு? முழங்கால் முழுக்க வெளியில நிக்குது.”

“முழங்கால் இல்லை அண்ணை, கை. கை கணக்கில்லை. கையாலை கோல் அடிக்கேலுமோ?”

“அது கையா? உனக்கு மதிலப் பாத்துப் பாத்தே கண் போயிற்று.”

“மதிலைக் கதைக்காதையுங்கோ.”

“கதைப்பன். மரக்கட்டை. அண்டைக்கு வாத்தியார்ர கோலையும் களவெடுத்து அவனுக்குக் குடுத்தாய்.”

“அப்பிடிச் சொல்லுங்கோ, அண்ணை,” என்றார் தம்பி, காலைத் தூக்கிச் சோபாவில் போட்டபடி. “அக்காவுக்கு ஓஃப்சைட் சட்டமே தெரியாது.”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து, திரையை நன்றாக உற்றுப் பார்த்தார்.

“அவவுக்குச் சட்டம் தெரியும்,” என்றார். “ஆனா இது ஓஃப்சைட்தான்.”

அந்த அறையில் ஒருவர்கூட என் பக்கம் நிற்கவில்லை. ஆட்டம் முடிந்து, ரீவியை நிறுத்திய பிறகும் எல்லோரும் சேர்ந்து என்னைக் கிழித்தார்கள். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காருக்குப் போகும்வரை அண்ணை வாசலில் நின்று முழங்காலைத் தட்டித் தட்டிக் காட்டினார். எனக்கு அவ்வளவு சந்தோசம். வீட்டுக்கு வந்து ஃபோனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முழங்கால்தான். அதை நான் ஒருவருக்கும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.