கப்பலில் ஒரு யன்னல்

அன்று புரட்டாதிச் சனிக்கிழமை. பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் சாமிப்படங்களை வைத்து நாங்கள் கும்பிட்டுவந்த காலம். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, சேலைக்கு மேலே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு நானும் மச்சாளும் சோலோதுர்ன் நகரத்துக்கு ரயில் ஏறினோம். நெற்றியில் திருநீறு, நடுவில் குங்குமம். கையில் எள்ளெண்ணெய் வாசம் போகவில்லை. எதிரில் இருந்தவர் மூக்கைத் தடவிக்கொண்டார். மச்சாள் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் மடியிலிருந்த புத்தகத்தின் அட்டையில் ஒரு விண்கப்பல் சனிக்கிரகத்தின் வளையத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

மச்சாள் என் கணவரின் தங்கை. பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். எண்பதுகளின் நடுவில் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து போட்ட அகதி வழக்கு அப்போதும் முடியாமல் கிடந்தது. கியோஸ்க் என்கிற பத்திரிகைக் கடையில் கிழமைக்குக் கிழமை வரும் விண்வெளிக் கதைப் புத்தகங்களை வாசித்துத்தான் அவள் ஜேர்மன் படித்தாள். கடையில் பாண் வாங்கத் தெரியுமுன்னே, எரிபொருள் தீருகிறது, தரையிறங்கப் போகிறோம் என்று ஜேர்மனில் சொல்லத் தெரிந்தவள் அவள். என் கணவர் அவளைச் சும்மா விடமாட்டார்.

"முதல்ல பேர்ணில இருக்க விடுறாங்களோ எண்டு பாப்பம். பிறகு சனிக்குப் போகலாம்."

"அங்க பெர்மிற் கேக்கமாட்டினம் அண்ணை. அதுதான் வாசிக்கிறன்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குச் சனி என்றால் கும்பிட்டு விலகிப் போகவேண்டியவர். அவருக்குப் பக்கத்தால் கப்பல் விடுவது பாவமில்லையோ என்று ஒருநாள் கேட்டே விட்டேன். கும்பிட்டுக்கொண்டுதான் போவோம் என்றாள்.

அந்தக் கதைகளை வாசிக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது; வருடத்துக்கு ஒருமுறை சோலோதுர்னில் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சுவரை மூடுமளவுக்கு ஒரு துணியில் விண்கப்பல் வரைந்து, அதில் வட்ட வட்டமாக யன்னல்கள் விட்டிருந்தார்கள். சங்கத்தில் சேருகிற ஒவ்வொருவரும் ஒரு யன்னலில் தன் முகத்தைத் தானே வரையவேண்டும். முந்திய வருடம் மச்சாள் தனியே போய்ப் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்திருந்தாள். வரையச் சொல்லி அவளை யாரும் கூப்பிடவில்லை. அந்த வருடம் முழுக்க, தோசை சுடும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் அவளுக்கு ஒரே கதைதான். "எனக்கு அதில ஒரு யன்னல் வேணும் மச்சாள்." இந்த முறை துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே போனதும் நான் முருகனை நினைத்துக்கொண்டேன். தலையில் வெள்ளித்தாள் கவசம் போட்டவர்கள், முகத்தில் பச்சைச் சாயம் பூசியவர்கள், முதுகில் குழாய் கட்டியவர்கள். ஆனாலும் எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள். கோப்பி தந்தார்கள். பின்னேரம் மேடையில் பரிசு கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு தரம் எங்கள் இருவரையும் காட்டிக் கூப்பிட்டார்கள். மண்டபம் கைதட்டியது. எனக்கு 'பரிசு' என்ற ஒரு சொல்தான் விளங்கியது. மேடையேறி, எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினேன். மச்சாள் கையில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். அவள் முகம் மாறியதை அப்போதுதான் கண்டேன்.

வேற்றுக்கிரகத்தார் வேடத்தில் மிகச் சிறந்தது எங்களுடையதாம்.

மச்சாள் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினாள். ஜேர்மனில்தான் பேசினாள். பிறகு வீட்டில் பலமுறை தமிழில் சொன்னதால் எனக்கு அது பாடம்.

"இது வேஷமில்லை. நாங்கள் கும்பிட்டுப்போட்டு நேர வாறம். நானும் பூமியிலதான் பிறந்தனான். உங்கட புத்தகம் எல்லாம் வாசிக்கிறன். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் உங்கட ஆக்கள் கப்பல் ஓட்டுகினம். என்ர ஆக்களைக் காணேல்லை. அதுக்கிடையில நாங்கள் எங்க போனனாங்கள்?"

கிண்ணத்தை மேசையில் வைத்தாள். வழக்கு முடியாத சனம் நாங்கள், அடுத்த வருடம் இந்த நாட்டில் இருப்போமோ என்று தெரியாது, இவள் ஆயிரம் வருடத்துக்கு அங்காலே இடம் கேட்கிறாளே என்று பயந்தேன். பயத்துக்குள்ளேயும் நெஞ்சு நிமிர்ந்தது. அதை மறைப்பானேன்.

சங்கத்தின் தலைவி ஒரு பருத்த அம்மா. தலையிலிருந்த வெள்ளித்தாள் கவசத்தைக் கழற்றினார். வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. பெரிய பேச்சு ஒன்றும் பேசவில்லை. மச்சாளின் பெயரைக் கேட்டு, நாக்குக்குச் சரிவரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு கையைப் பிடித்து அந்தத் துணிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், சாயப்பெட்டியைத் திறந்து கொடுத்தார்.

பெட்டியில் தோல்நிறம் என்று இருந்தது ரோசாப்பூ நிறம். மச்சாள் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சிவப்பையும் மஞ்சளையும் குழைத்து, கறுப்பில் துளி தொட்டு, தன் முன்கையோடு ஒட்டிப் பார்த்துப் பார்த்துக் கலந்தாள். பச்சை முகத்தோடு ஒரு நெட்டை மனிதர் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் சிவப்பு வேண்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். கப்பல் ஓட்டுகிற இடத்துக்கு அடுத்த யன்னலில் என் மச்சாளின் முகம் மெல்ல மெல்ல வந்தது.

முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, நெற்றியில் பொட்டை என்னையே வைக்கச் சொன்னாள். கைப்பையில் குங்குமச் சிமிழ் இருந்தது. எடுத்தேன், ஆனால் கை போகவில்லை. பொட்டு வைத்த படம் என்றால் எங்கள் வீடுகளில் அது செத்தவர்களின் படம். அந்த வருடங்களில் ஊரிலிருந்து அப்படியான படங்கள் நிறைய வந்துகொண்டிருந்தன. உயிரோடு நிற்பவளின் படத்துக்கு எப்படி வைப்பது? நான் தயங்குவது ஏனென்று அவளுக்கு விளங்கிவிட்டது. சிரித்தாள்.

"வையுங்கோ மச்சாள். நான் இருக்கப் போறவள்."

வைத்தேன். சனீஸ்வரனே, இவளை விட்டுவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் வைத்தேன்.

இருந்தாள். நாங்களும் இருந்தோம். இப்போது மச்சாளுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, வாசிப்பு நிற்கவில்லை. இந்தக் காலத்து விண்வெளிப் படங்களில் எங்கள் நிறத்தில் ஒரு முகம் வந்துவிட்டால் உடனே தொலைபேசி அடிப்பாள். "மச்சாள், கெதியாப் போடுங்கோ, எங்கட ஆள் ஒருத்தி ஓட்டுறாள்." அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பேன். கதை எனக்கு இன்றைக்கும் விளங்குவதில்லை. ஓட்டுகிறவளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.