வேண்டுதல் இல்லாத மொட்டை

துக்கத்துக்கு மொட்டை அடித்துக்கொள்பவன் திருத்தணியில் குடியிருக்கக் கூடாது. மற்ற ஊர்களில் மழித்த தலையைக் கண்டால் ஜனங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இங்கே முருகனுக்கு முடி கொடுத்தவர்கள் கடைத்தெரு முழுக்க உலாவுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு மொட்டை, அவ்வளவுதான்.

மாமா என் அம்மாவின் தம்பி. என்னைத் தூக்கி வளர்த்து, பிறகு மகளையும் கொடுத்து மாட்டிக்கொண்டவர். அன்று காலை சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "டேய் மாப்ள, உன் தொப்பைக்கு மட்டும் ரேஷன் கிடையாதாடா?" என்றார். சுடச்சுட ஒரு பதிலை யோசித்துக்கொண்டு திரும்பினேன். சுவரோடு சரிந்து கிடந்தார்.

டாக்டர் வீடு எங்கள் தெருக்கோடியில். பதற்றத்தில் நான் ஓடியதோ எதிர்ப்பக்கம். ரயில்வே கேட் மூடியிருந்தது. யுத்தகாலத்துக் கூட்ஸ் வண்டி, முடிகிற வழியாக இல்லை. "சீக்கிரம் போய்யா!" என்று நான் அந்த வண்டியை அதட்டியதை கேட்காரன் இன்றும் நடித்துக் காட்டுகிறான். திரும்பி வந்தபோது, யாரோ அழைத்து வந்திருந்த டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தது நான். காரியம் முடிந்து மண்ணெண்ணெய் வாங்கக் கிளம்பினேன். வீட்டில் எல்லோரும் அழுததால் நான் வேடிக்கை பேசியே பொழுதைத் தள்ளியிருந்தேன். வெளியில் யாராவது மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் தேவலை என்றிருந்தது.

ஜட்காக்காரர் வண்டியை நிறுத்தினார். "என்னா சார், மொட்டையா? புள்ள பொறந்துதா?"

"இல்லப்பா, மாமா..."

"ஆங், மாமாவ கேட்டேன்னு சொல்லுங்க!" குதிரையைத் தட்டிவிட்டுப் போயே போய்விட்டார்.

மலையடிவாரத்துப் பூக்காரம்மா அதற்கும் மேல். "இன்னா நைனா, சந்தனம்கூட பூசாம வெயில்ல அலைஞ்சிகினு கீற?" என்று, நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கைச் சந்தனத்தை உச்சியில் அப்பிவிட்டாள். துக்க வீட்டுக்காரன் தலையில் சந்தனம்! பதறிப்போய்த் துண்டால் துடைத்தேன். காது, கழுத்து, முதுகு எல்லாம் சந்தனம். அத்தனை நாள் எரிச்சலும் ஒன்றாகக் கிளம்பியது.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல! மாமா செத்துட்டாரும்மா!"

அவள் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எந்த மாமா? பூவே வாங்காம தெனம் வெலய மட்டும் கேட்டுட்டுப் போவாரே, அவரா?"

"ஆங்."

"கடைசியா வந்தப்பகூட திட்டி அனுப்பினேனே, நைனா!" என்று கூடைமேல் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் அவளைத் தேற்றினார்கள். "சும்மாதானே நிக்கிறீங்க, அந்தம்மாவுக்குத் தண்ணி வாங்கிக் குடுங்க சார்" என்று ஒருவர் என்னை ஏவினார். வாங்கிக் கொடுத்தேன். பக்கத்தில் குந்தி, "அழாதம்மா" என்று நானும் சொன்னேன்.

என் துண்டை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ அழலியா நைனா?" என்றாள்.

'இடம் விட்டால்தானே!' என்று சொல்ல வந்தேன். அதற்குள் எனக்கும் தொடங்கிவிட்டது. துண்டு அவளிடம் இருந்தது.