எஸ்தர் மேடம் வெட்டாமல் விட்ட மௌனம்

எங்கள் சமுதாய வானொலியின் கணினிகளைப் பார்த்துக்கொண்ட எஸ்தர் மேடம் காலமாகிவிட்டார். கீரனூர் பஸ் ஸ்டாண்டில், வேலைக்கு வர பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. அவருடைய தங்கை ஃபோனில் இதைச் சொன்னபோது நான் ஸ்டுடியோவில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். நேயர்களிடம் சொல்ல வேண்டியவன் நான்தான். அடுத்த பாட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன்.

நேயர்கள் அவர் குரலைக் கேட்டதே இல்லை. மைக் முன்னால் உட்காரச் சொன்னால், "எனக்கு எதுக்கு சார், நீங்க பேசுங்க" என்று நகர்ந்துவிடுவார். அவர் இருந்ததெல்லாம் ஸ்டுடியோவை ஒட்டிய, ஜன்னல் இல்லாத மிஷின் ரூமில்தான். அவர் சேர்ந்த புதிதில், அந்த அறையில் கம்ப்யூட்டர் தானாகவே ஆன் ஆகிறது, பேய் இருக்கிறது என்று சிலர் பயந்துபோயிருந்தார்கள். மேடம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பேய் இருந்தாக்கூடப் பரவால்ல சார். எலி இருக்கு, வயரக் கடிச்சிருக்கு" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

ஆனால் அதே அறையில் ஒரு சித்திரை மதியம் நடந்ததை அவராலும் அப்படிச் சொல்லித் தள்ளிவிட முடியவில்லை.

அன்று கரண்ட் போய் வந்தது. பேட்டரியும் கைவிட்டதால் ஒலிபரப்புக் கம்ப்யூட்டர் நின்று, தானாகவே மறுபடி கிளம்பியிருக்கிறது. நான் வெளியே டீக்கடையில் இருந்தேன். கடைக்காரர் எப்போதும் எங்கள் வானொலியைத்தான் வைத்திருப்பார். பாட்டு அறுந்து, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குரல் வந்தது. "வணக்கம். வானம் மூட்டமா இருக்கு. களத்துல நெல்லு காயப் போட்டிருக்கவுக அள்ளிருங்க."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். அது சவரிமுத்து அண்ணனின் குரல். எங்கள் விவசாய நிகழ்ச்சியை நடத்தியவர். எஸ்தர் மேடம் வேலைக்குச் சேருவதற்கு முன்பே நோயில் இறந்துபோனவர்.

நான் ஓடிவந்தபோது மேடம் ஒலிபரப்புக்குப் போகும் லைனைப் பிடுங்கியிருந்தார். அறைக்குள் மட்டும் அந்தக் குரல் பேசிக்கொண்டே இருந்தது. ஸ்டேஷன் ஃபோன் அடித்தது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து சவரி அண்ணனின் மனைவி பாக்கியம் அக்கா. மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"நிறுத்திட்டீகளாம்மா?"

"அக்கா, அது பழைய ரெக்கார்டிங். தப்பா ஓடிருச்சு."

"தெரியும்மா. நெல்லப் பத்திச் சொன்னதுக்கப்பறம் எம் பேரச் சொன்னாரு. 'பாக்கியம், கேக்குதா?'ன்னாரு. அடுப்படில நின்னு 'கேக்குது'ன்னு சொன்னேன். அதுக்கப்பறம் அவரு பேசவே இல்ல."

மேடம் என்னைப் பார்த்தார். அது மைக் சோதனைக்காக அண்ணன் பேசிய துண்டாக இருக்க வேண்டும். அவர் இருந்த காலத்தில் அது ஒலிபரப்பானதே இல்லை.

என்ன நடந்தது என்று மேடம் எனக்கு விளக்கினார். "உள்ள பழசும் புதுசுமா ரெண்டு டிஸ்க் இருக்கு சார். மிஷின் ஆன் ஆனதும் முதல்ல ஒரு சின்ன புரோகிராம் எந்திரிக்கும். பூட் லோடர். எந்த டிஸ்க்குக்குப் போகணும்னு அதுதான் வழி சொல்லும். புது டிஸ்க் போட்டப்ப யாரும் அத மாத்தல. அது இன்னும் பழைய டிஸ்க்குலயே உக்காந்திருக்கு. இன்னைக்குப் புதுசுக்குப் போற வழி அதுக்கு மறந்துபோச்சு. தெரிஞ்ச வீட்டுக்கே போயிருச்சு."

பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றிப் பார்த்தார். திரை கறுப்பாக நின்றது; மூலையில் ஒரு கோடு மட்டும் மினுக்கியது. மறுபடி மாட்டினார். சவரி அண்ணன் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார். அவர் பேச்சுக்கு அடியில் இன்னொரு சத்தம், நகத்தால் கதவைச் சுரண்டுவதைப் போல. டிஸ்க் சாகப்போகிறது என்றார் மேடம்.

மேலாளர் வாசலில் வந்து நின்றார். "அதக் கழட்டித் தூரப் போடுங்க. புதுசுல பூட் லோடர ஏத்திட்டு ஒலிபரப்ப ஆரம்பிங்க. ஊரே பயந்துபோய்க் கெடக்கு."

"அத எப்ப வேணா ஏத்தலாம் சார். இது இன்னொரு தடவ எந்திரிக்குமான்னு தெரியல. மொதல்ல இவரு பேசுனத எடுத்துர்றேன்."

"ஒலிபரப்பு நின்னு கெடக்கே?"

"கெடக்கட்டும் சார்."

மேலாளரிடம் அவர் அப்படிப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. பென் டிரைவிலிருந்து மிஷினைக் கிளப்பி, பழைய டிஸ்க்கில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக நகலெடுத்தார். சுரண்டல் சத்தம் கூடும்போதெல்லாம் டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். மைக் சோதனைத் துண்டு வந்தபோது நகலெடுப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு அது மெல்ல நகர்ந்து முடிந்தது. கொஞ்ச நேரத்தில் சுரண்டல் சத்தமும் நின்றுபோனது. மேடம் கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

அதன்பின் புது டிஸ்க்கில் பூட் லோடரை எழுதி, மிஷினைக் கிளப்பினார். ஒலிபரப்பு திரும்பியது. மேலாளர் சில நாள் அவரோடு பேசவில்லை.

அந்த வாரமே மேடமும் நானும் பஸ்ஸேறி வல்லத்திராக்கோட்டைக்குப் போனோம். பாக்கியம் அக்கா மகளின் செல்லில் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினார் மேடம். 'பாக்கியம், கேக்குதா?' என்ற கேள்விக்குப் பிறகு நீண்ட மௌனம். யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்கும். அக்கா கடைசிவரை கேட்டார்.

"வெறுமனே இருக்க எடத்த நீங்க வெட்டி எடுத்துருவீங்கன்னு நெனச்சேன்மா."

"வெட்டல அக்கா. நீங்க பதில் சொல்ற எடம்ல அது."

அக்கா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், நான் கேட்காமலே மேடம் சொன்னார்: "குரலுக்குப் பயப்படல சார். கைய எடுத்தா நின்னுருமோன்னுதான் பயந்தேன். கைய எடுத்ததும் ஏன் அழுக வந்துச்சுன்னு தெரியல. அவர நான் பாத்ததுகூட இல்ல."

நேற்று கீரனூரில் அவரை அடக்கம் செய்தோம். அதற்கு முன் வீட்டில் அவர் தலைமாட்டில் அவருடைய செல்ஃபோன் இருந்தது. அது விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவர் அணைக்கப் போனபோது தங்கை தடுத்தார். "வேணாங்க. யாருக்காவது வேல நின்னுபோயிருக்கும்." ஒரு முறை தங்கையே எடுத்தார். கறம்பக்குடியில், லீவு நாளில் மேடம் கம்ப்யூட்டர் சரிபார்த்துக் கொடுக்கும் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து யாரோ. கம்ப்யூட்டர் கிளம்பவில்லையாம், மேடம் எப்போது வருவார் என்று கேட்டார்கள். தங்கை ஃபோனை என்னிடம் நீட்டினார். நான் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. வைத்துவிட்டார்களோ என்று பார்த்தேன், வைக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "அப்ப நாங்க மிஷின ஆஃப் பண்ணிடவாங்க?" என்று ஒரு பெண் குரல் மெதுவாகக் கேட்டது.

"பண்ணிருங்க" என்றேன்.

வெளியே பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். போய் வாருங்கள், மேடம்.